அப்பா சாட்சி சொன்ன கை

ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு முதலில் மூக்கில் ஏறுவது சிரட்டைக்கரியின் மணந்தான். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் வாசல்வரை மூடுபனி வந்து நிற்கும் அந்தக் காலைக் குளிரில், "இஸ்தோப்பு" என்று நாங்கள் சொல்லும் முன்புறத் தாழ்வாரத்தில் அம்மா பழைய கம்பளியை நாலாக மடித்து விரிப்பாள்; அடுத்த வீட்டிலிருந்து இரவல் வாங்கி வந்த அயன் பெட்டியில் கரியைப் போட்டு, கண் எரிய எரிய ஊதி, அப்பாவின் வெள்ளைச் சட்டையைத் தேய்க்கத் தொடங்குவாள். வலது கை பெட்டியை நகர்த்தும். துணியைப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடது கையை அவள் நீட்டமாட்டாள். அதன் முழங்கையை ஊன்றித்தான் துணியை அழுத்திக்கொள்வாள். அந்தக் கையின் மணிக்கட்டு சற்று வெளிப்பக்கமாகக் கோணிப்போயிருந்ததால் உள்ளங்கையைத் தட்டையாகப் பதிக்க அவளுக்கு வராது.

அந்த மணிக்கட்டை உடைத்தவர் அப்பா. அதைச் சபையில் எழுந்து நின்று சொல்லி, தன்னை இரட்சித்ததற்காக ஆண்டவருக்கு நன்றி செலுத்தப் போகிறவரும் அப்பாதான். அந்தச் சட்டை அதற்காகத்தான் தேய்க்கப்பட்டது.

எங்கள் தோட்டம் கந்தப்பளைக்கு மேலே, காற்று எப்போதும் ஈரமாகவே வீசுகிற ஓர் உச்சியில் இருந்தது. அப்பாவின் பெயர் சந்தனம். தேயிலைத் தொழிற்சாலையில், எங்கள் பேச்சில் "ஸ்டோரில்", அவருக்கு வேலை. அம்மா மாரியாயி கொழுந்து பறிப்பாள். நான் ஈஸ்வரி, அவர்களுக்கு ஒரே பிள்ளை. அப்பா குடிப்பார். தோட்டத்தில் குடிக்காத ஆண்கள் குறைவு என்றாலும் அப்பாவின் குடி வேறு தினுசு. கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் உள்ளே போனால் அவருக்கு யார்மீதோ ஒரு கோபம் வரும். அந்த யாரோ எட்டாத உயரத்தில் இருந்தபடியால் கைக்கெட்டிய தூரத்தில் இருந்த அம்மாமீது அது இறங்கும்.

எனக்கு எட்டு வயது. தீபாவளிக்கு மறுநாள் மத்தியானம். அப்பா அடுப்பங்கரையில் ஒளித்து வைத்திருந்த போத்தலை அம்மா எடுத்து, வீட்டுக்குப் பின்னால் ஓடும் சாக்கடைக் கானில் ஊற்றிவிட்டாள். அப்பா சத்தம் போடவில்லை. போத்தலைப் பிடித்திருந்த அவளுடைய இடது கையைப் பற்றி, ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கினார். நான் வாசற்படியில் உட்கார்ந்து அதிரசம் தின்றுகொண்டிருந்தேன். உலர்ந்த மிலாறுக் குச்சியை ஒடிப்பதுபோல ஒரு சத்தம். அம்மா கத்தவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா கட்டிலில் விழுந்து தூங்கிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். "கான்ல விழுந்துட்டேன்" என்றாள் அம்மா. தாதி என்னைப் பார்த்தார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். மாக்கட்டுப் போட்டு, நனையாமல் பார்த்துக்கொள்ளவும் இரண்டு கிழமையில் மறுபடி வந்து காட்டவும் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் ஊர் மழையில் நனையாமல் எதைப் பார்த்துக்கொள்வது. தண்ணீர் சுமந்ததும் விறகு பொறுக்கியதும் அந்தக் கட்டோடுதான். அது ஊறிப் பிய்ந்து தானாகவே கழன்று விழுந்தபோது எலும்பு கோணலாகவே கூடியிருந்தது. கொழுந்து பறிப்பதற்கு இரண்டு கையும் ஒன்றுபோல ஓட வேண்டும். அம்மாவின் இடது கை ஓடவில்லை. அப்போதிருந்த கணக்கப்பிள்ளை இரக்கப்பட்டு, நாற்று மேடையில் பைகளுக்கு மண் நிரப்பும் இலேசான வேலைக்கு அவளை மாற்றிவிட்டார். அவள் சேலைத் தலைப்பை இழுத்து அந்தக் கையை மூடிக்கொள்ளப் பழகினாள்.

அடுத்த வருசம் அப்பா இரத்தம் கக்கினார். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நோயாளிகளுக்காக ஜெபிக்க வந்த ஒரு போதகர், ஊரில் எல்லோரும் பாஸ்டரய்யா என்று அழைத்தவர், அவருடைய கட்டில் அருகே தினமும் வந்து உட்கார்ந்தார். என்ன பேசினார்களோ தெரியாது. அப்பா வீடு திரும்பிய அன்று சுவரில் மாட்டியிருந்த காவடிப் படத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "இனிமே நான் தொட மாட்டேன். இயேசு என்னைய தூக்கி எடுத்துட்டாரு" என்றார். நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இப்படி எத்தனையோ சத்தியங்களை எங்கள் லயத்து அறையான அந்தக் காம்பரா கேட்டிருந்தது.

ஆனால் இந்தத் தடவை அவர் உண்மையிலேயே தொடவில்லை. இதை நான் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். வேலை விட்டதும் நேராக வீட்டுக்கு வந்தார்; அவர் உடம்பில் கசிப்பு வாடை போய்த் தேயிலைத் தூளின் வாடை வந்தது. விறகு பிளந்து அடுக்கினார். மலையூற்றுப் பீலியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். கந்தப்பளை டவுனில் முஸ்லிம் நானா ஒருவரின் துணிக்கடையில் எனக்கு மஞ்சள் பூப்போட்ட ஒரு சட்டைத் துணி எடுத்துத் தந்து, "பாப்பாவுக்கு இது நல்லா இருக்கும்" என்று என் தோளில் வைத்துப் பார்த்தார். அந்தத் தொடுகையில் நான் ஒருமுறை நடுங்கிப் பிறகு சமாதானமானது நினைவிருக்கிறது. குளிர்காலத்து ஓடையில் மூவரும் ஞானஸ்நானம் பெற்றோம். அப்பா சாமுவேல் ஆனார். நான் எஸ்தர் ஆனேன். மாரியாயி மரியாள் ஆனாள். அவளுக்குப் பெரிதாக ஒன்றும் மாறவில்லை என்று அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள்.

எங்கள் லயத்திலிருந்து சபைக்குப் போன ஒரே குடும்பம் நாங்கள்தான். மற்றவர்கள் வேறு தோட்டங்களிலிருந்தும் டவுனிலிருந்தும் வருவார்கள். தகரக் கூரை போட்ட நீண்ட மண்டபம், தரையில் சாக்கு, முன்னால் ஒரு மேசை, மழை பெய்தால் பிரசங்கம் கேட்காது, பாட்டு மட்டும் கேட்கும். பாட்டு முடிந்ததும் "சாட்சி நேரம்". அந்த வாரம் ஆண்டவர் தங்களுக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லி நன்றி செலுத்தலாம். பசு கன்று போட்டது, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது, கொழும்புக்குப் போன மகனிடமிருந்து கடிதம் வந்தது என்று ஒவ்வொருவரும் இரண்டு வரி சொல்லி உட்கார்ந்துவிடுவார்கள். அப்பாவின் முறை வந்தால் சாக்குகளில் ஓர் அசைவு ஏற்படும். முதுகுகள் நிமிரும்.

"நான் பெரும் பாவிங்க" என்று தொடங்குவார். "இந்தக் கையாலதான் எம் பொண்டாட்டி கையப் புடிச்சு முறுக்குனேன். எலும்பு முறிஞ்சிச்சுங்க. பச்சப் புள்ள பாத்துக்கிட்டு இருக்கு. எனக்கு இரக்கம் வரல. அப்பேர்ப்பட்ட மிருகத்தத்தான் கர்த்தர் தேடி வந்தாரு."

"ஸ்தோத்திரம்" என்று மண்டபம் முழங்கும். அப்பாவின் கண்களிலிருந்து தண்ணீர் வழியும். அது நடிப்பல்ல. பெண்கள் பக்கத்தில் அம்மா தலையைக் குனிந்து, சாக்கின் ஓர் இழையைப் பிரித்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் இருப்பவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்துப் புன்னகைப்பார்கள். ஒரு வாரமல்ல, இரண்டு வாரமல்ல, மாதத்தில் இரண்டு ஞாயிறாவது அந்தத் தீபாவளி மறுநாள் மத்தியானத்தை அம்மா நூறு பேருக்கு நடுவில் உட்கார்ந்து திரும்பவும் அனுபவித்தாள்.

சொல்லச் சொல்ல அந்தச் சாட்சி வளர்ந்தது. போத்தல் ஒன்று இரண்டானது. நான் பார்த்தேன் என்பது நான் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்றானது. வெறுமனே கை என்றிருந்தது ஒருநாள் வலது கை என்றானது. "எனக்குச் சோறு போட்ட வலது கைங்க" என்று அவர் சொன்னபோது கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அதிலிருந்து அந்த வார்த்தை அப்படியே தங்கிவிட்டது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் சேலைத் தலைப்பை இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டுக்கொண்டாள். அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்தது. ஆனால் வீட்டில் அந்தப் பேச்சை எடுக்க முடியாது. சபையில் அத்தனை பேருக்கு முன் அதைச் சொன்ன மனிதர், வீட்டுக்குள் யாராவது தொடங்கினால், "பழசப் பேசக் கூடாது பாப்பா, நாமெல்லாம் இப்ப புது சிருஷ்டி" என்று எழுந்து போய்விடுவார்.

ஒரு ஞாயிறு சபை முடிந்து தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தோம். அப்பா முன்னால், அம்மா நடுவில், நான் கடைசியில். அம்மா திடீரென்று கேட்டாள்.

"அங்க அத்தன பேருக்கு முன்னால சொல்றீங்க. எங்கிட்ட ஒருக்கா சொல்லலாந்தானே."

அப்பா நின்றார். "என்னத்த?"

"தப்புப் பண்ணிட்டேன்னு."

அவர் கோபப்படுவார் என்று நான் பயந்தேன். கோபப்படவில்லை. ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார். "மரியா, ஆண்டவரே அத மன்னிச்சு மறந்துட்டாரு. அவரு மறந்தத நீ நெனச்சுக்கிட்டு இருக்கலாமா? மன்னிக்க மாட்டாத மனசு சாத்தானுக்கு வீடு. ஜெபம் பண்ணு, சரியாயிரும்." சொல்லிவிட்டு, மிகுந்த அன்போடு அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார். அவர் அடித்த நாட்களில்கூட அம்மாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

எனக்குப் பதினொரு வயதானபோது சபையின் வருசாந்த ஸ்தோத்திரக் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து பேர்பெற்ற ஒரு போதகரை அழைத்திருந்தார்கள். பூண்டுலோயாவிலிருந்தும் கினிகத்தேனையிலிருந்தும் வான்களில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். மண்டபம் கொள்ளாமல் வெளியே தார்ப்பாய் கட்டினார்கள். அப்பாவின் சாட்சியைத்தான் முதலில் வைத்தார்கள். அன்றைக்கு அவர் சொன்னதுபோல அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை. முடிக்கும்போது குரல் உடைந்து மேசையைப் பிடித்துக்கொண்டார். வந்திருந்த போதகர் எழுந்து அவரைக் கட்டிப்பிடித்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "அந்தச் சகோதரி இங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எழுந்திரிங்கம்மா. வெக்கப்படாதீங்க. உங்க புருசன் முறிச்ச அந்த வலது கையத் தூக்கிக் காட்டுங்க. ஆண்டவரோட பிள்ளைங்க பாக்கட்டும்."

அம்மா எழுந்தாள். தகரக் கூரையில் தூறல் விழும் சத்தம் கேட்டது. பக்கத்தில் இருந்த ஒருத்தி, "தூக்குங்க அக்கா" என்று மெதுவாகச் சொன்னாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கண்ணீரோடு, உற்சாகப்படுத்துவதுபோலத் தலையை ஆட்டினார். அம்மா வலது கையைத் தூக்கினாள்.

போதகர் சாக்குகளுக்கு நடுவே நடந்து வந்து அந்தக் கையைப் பிடித்தார். மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பினார். விரல்களை விரித்து மூடச் சொன்னார். அம்மா விரித்தாள், மூடினாள். ஒரு பழுதும் இல்லாத கை. நகத்திடுக்கில் நாற்று மேடையின் மண் மட்டும் கறுப்பாக இருந்தது.

"முறிஞ்ச கை" என்று அவர் உரக்கச் சொன்னார். "முறுக்கி ஒடிச்ச கை. பாருங்க, ஒரு கோணல் இருக்கா? ஒரு தழும்பு இருக்கா? யார் சுகமாக்கினது?"

அதன்பிறகு எழுந்த சத்தத்தில் மழை கேட்கவில்லை. ஆட்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள், அழுதார்கள். பெண்கள் அம்மாவின் வலது கையைத் தொட்டுத் தங்கள் கண்களில் ஒற்றிக்கொண்டார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் முழங்காலில் விழுந்து, இரண்டு கைகளையும் மேலே தூக்கி, வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்தது ஆச்சரியம். தன் வீட்டில் இப்படியொரு அற்புதம் நடந்திருப்பதை அவரும் அந்த நிமிடத்தில்தான் அறிந்துகொண்டிருந்தார். பொய் சொல்கிறவனின் முகம் எனக்குத் தெரியும்; குடித்த நாட்களில் அதை நிறையப் பார்த்திருக்கிறேன். இது அந்த முகமல்ல. தான் உடைத்தது எந்தக் கை என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

அன்று சாயங்காலம், அப்பா விருந்தினரை வழியனுப்பப் போயிருந்தபோது, "ஏம்மா அந்தக் கையத் தூக்குனீங்க?" என்று கேட்டேன்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அவங்க கேட்டது வலது கைதானே" என்றாள். கொஞ்சம் கழித்து, "எடது கைய ஊருக்கெல்லாம் வேடிக்கை காட்ட எனக்கு மனசு வரல" என்றாள்.

அந்த அற்புதம் அப்பாவை ஊர் ஊராகக் கொண்டுபோயிற்று. ஒரு வாரம் பூண்டுலோயா, ஒரு வாரம் கினிகத்தேனை, இடையில் யாராவது வீட்டு ஜெபக்கூட்டம். இப்போது அவருடைய சாட்சி கை முறிந்ததில் முடியவில்லை, கை சுகமானதில் முடிந்தது. அம்மாவையும் சில இடங்களுக்குக் கூட்டிப்போனார்கள். அவள் வலது கையைத் தூக்கினாள், இறக்கினாள்.

செய்தி தோட்டத்துக்குள்ளும் வந்தது. பழைய கணக்கப்பிள்ளை ஓய்வுபெற்றுப் போய்ப் புதியவர் வந்திருந்தார். கொழுந்துக்கு ஆள் போதாமல் தவித்துக்கொண்டிருந்த பருவம். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் "பெரட்டு"க்கு அன்றைக்குப் பள்ளிக்கூடம் விடுமுறையானபடியால் நானும் அம்மாவோடு போயிருந்தேன்.

"என்ன மரியா, கை சுகமாயிருச்சாமே. டவுன் பூரா அதே பேச்சு. நாளையிலருந்து மூணாம் நம்பர் மலைக்குக் கொழுந்துக்குப் போ."

அம்மா தலைப்பை விலக்கி இடது கையை நீட்டினாள். "அய்யா, இது சுகமாகலங்க. பாருங்க."

அவர் பார்த்தார். பார்த்தும், "அப்ப ஒன் வீட்டுக்காரரு கோயில்ல சொன்னது பொய்யா?" என்றார். "பொய்யின்னா அவரையே கூட்டியாந்து எனக்கு முன்னால சொல்லச் சொல்லு. மாத்தி விடுறேன்."

வரிசையில் நின்றவர்கள் சிலர் சிரித்தார்கள். அம்மா கையை மூடிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் நான் அழுதேன். அப்பாவிடம் சொல்லலாம் என்றேன். நான் சொல்கிறேன் என்றேன். அம்மா என் வாயைப் பொத்துவதுபோலச் சொன்னாள்: "சொல்லக் கூடாது. சொன்னா ஊருக்கு முன்னால அவரு பொய்யனாயிருவாரு. அந்த வெக்கத்துல மறுபடி குடிக்கத் தொடங்கினா? இந்தக் கையோட போகட்டும்."

அடுத்த நாள் தலையில் கூடைக் கயிற்றை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். மூன்று வருசம் அப்படியே போயிற்று. மற்றவர்கள் இரண்டு கையால் எடுப்பதை அவள் ஒன்றரைக் கையால் எடுத்தாள். நிறுவையில் குறைந்தால் ஏச்சு. மழைக்காலத்தில் மணிக்கட்டு வீங்கிப் பளபளவென்று ஆகிவிடும். உப்புப் போட்ட வெந்நீரில் துணியை நனைத்துச் சுற்றிக்கொள்வாள். அப்பா வருவதற்குள் அவிழ்த்துவிடுவாள்.

ஒருநாள் அப்பா நேரத்தோடு வந்துவிட்டார். இன்னும் வெளிச்சம் இருந்தது. நான் ஜன்னலோரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்பருகே துணியை அவிழ்த்துக் கையை நெருப்புக்கு நேரே பிடித்திருந்தாள். அப்பா குனிந்து பார்த்தார். அருகில் உட்கார்ந்தார்.

"இது என்ன, கை இப்புடிக் கோணலா இருக்கு? எப்ப ஆச்சு?"

என் பென்சில் நின்றுவிட்டது. அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் கேட்டதில் கள்ளம் எதுவும் இல்லை, உண்மையான கவலைதான் இருந்தது. ஆறு வருசம் ஒரே காம்பராவில் உண்டு உறங்கிய மனிதர் அந்தக் கையை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறார். இப்போது சொல்லுவாள், இப்போதாவது சொல்லுவாள் என்று நான் காத்திருந்தேன்.

"கான்ல விழுந்துட்டேன்" என்றாள் அம்மா.

"பாத்து நடக்கக் கூடாதா?" என்றார் அப்பா. பிறகு கண்களை மூடி, அந்தக் கோணல் மணிக்கட்டைத் தன் இரண்டு கைகளுக்குள் பொத்திப் பிடித்து ஜெபித்தார். பெரிய ஆபத்தில் சிக்காமல் தன் மனைவியைக் காப்பாற்றியதற்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னார். வலது கையைச் சுகமாக்கின தேவன் இடது கையையும் சுகமாக்குவார் என்றார். அம்மா "ஆமென்" என்றாள். நான் எழுந்து பீலிக்குப் போய், வாளி நிரம்பி வழிந்த பிறகும் வெகுநேரம் அங்கேயே நின்றேன். எனக்கு அப்போது பதினான்கு வயது. அன்றிலிருந்து சபையில் எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்லும்போது என் உதடு மட்டும் அசையும்.

நான் படித்தேன். ஆசிரியையாகி ஹட்டனுக்கு வந்தேன். அம்மா மலையிலிருந்து ஓய்வுபெறும்வரை அந்த ஒன்றரைக் கையால்தான் பறித்தாள். அப்பா நான்கு வருசத்துக்கு முன்பு இறந்துபோனார். கடைசி மாதம் முழுக்க அம்மாதான் ஊட்டிவிட்டாள், துடைத்துவிட்டாள். பாஸ்டரய்யா வந்து, மனதில் பாரம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டபோது, "எல்லாம் ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேங்க, சமாதானமா இருக்கேன்" என்றார். கதவருகே கஞ்சிக் கோப்பையோடு அம்மா நின்றுகொண்டிருந்தாள். அதற்குப் பிறகும் ஒன்பது நாள் அவர் உயிரோடு இருந்தார். அந்த ஒன்பது நாளும் அம்மா அவர் பக்கத்தை விட்டு அகலவில்லை. அவர் தண்ணீர் கேட்டார், போர்வை கேட்டார்.

அவருக்காக நடந்த நன்றி ஆராதனையில் அம்மாவைப் பேச அழைத்தார்கள். பழைய ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அந்த அற்புதத்தை அவள் வாயால் கேட்க ஆசைப்பட்டார்கள். அம்மா எழுந்தாள். "அவரு குடிய விட்டாரு. சாகுறவரைக்கும் ஒரு சொட்டு தொடல. அதுக்கு ஆண்டவருக்கு நன்றி சொல்றேன்" என்றாள். இன்னும் வரும் என்று எல்லோரும் காத்திருக்க, உட்கார்ந்துவிட்டாள். நாற்பது வருசக் குடித்தனத்தில் அவள் சொன்ன ஒரே சாட்சி அதுதான். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

இப்போது அம்மா என்னோடு ஹட்டனில் இருக்கிறாள். எங்கள் லயத்தின் பாதி மண்சரிவில் போய்விட்டது, மீதியில் ஆளில்லை. தகரக் கூரை மண்டபம் இருந்த இடத்தில் சபைக்கு மாபிள் பதித்த கோவில் எழுந்திருக்கிறது. சாக்கு இல்லை, நாற்காலிகள். சாட்சி நேரம் என்று ஒன்று கிடையாதாம். சொல்ல வேண்டியவர்கள் கைபேசியில் பேசி அனுப்பிவிடுகிறார்கள். பாஸ்டரய்யாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அங்கே புதிதாக வந்திருக்கும் இளம் போதகர் போன மாதம் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். சபையின் வருசாந்தத்துக்கு, முறிந்த கை சுகமானதைப் பற்றி அம்மா இரண்டு நிமிடம் பேச வேண்டும், படம் எடுத்துக்கொள்கிறேன் என்று கைபேசியை எடுத்தார்.

அம்மா தலைப்பை விலக்கி இடது கையை மேசைமேல் வைத்தாள். "முறிஞ்சது இதுதான் தம்பி" என்றாள்.

அந்தப் பிள்ளை வெகுநேரம் அதைப் பார்த்தார். கைபேசியைப் பைக்குள் போட்டார். "ரொம்ப வலிச்சுச்சாம்மா?" என்று கேட்டார். இத்தனை வருசத்தில் சபையைச் சேர்ந்த ஒருவர் அவளிடம் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஆமா தம்பி. வலிச்சுச்சு" என்றாள் அம்மா.

பத்து நாள் கழித்து அவர் தொலைபேசியில் பேசினார். சபை மூப்பர்களிடம் சொல்லிப் பார்த்தாராம். பழைய சாட்சியை மாற்றிப் பேசினால் விசுவாசிகள் குழம்பிப்போவார்கள் என்றார்களாம். அந்த ஸ்தோத்திரக் கூட்டத்தில் யாரோ ஒருவர் அப்பாவின் சாட்சியை முழுவதும் கசெட்டில் பதிவு செய்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்து, அதையே வருசாந்தத்தில் போடப்போகிறார்களாம். "மன்னிச்சுக்கங்க டீச்சர், என்னால முடியல" என்றார். அந்தப் பதிவை என் கைபேசிக்கும் அனுப்பியிருந்தார்.

நான் அதை அழித்துவிடத்தான் நினைத்தேன். அம்மா கேட்க வேண்டும் என்றாள். சாப்பாட்டு மேசையில் வைத்துப் போட்டேன். அப்பாவின் குரல் அப்படியே இருந்தது, இளமையாக, அழுகையோடு. வலது கை. வெளியூர்ப் போதகரின் குரல். தூறல். "யார் சுகமாக்கினது?" என்ற கேள்வி. அதன்பின் ஒரு கணம் அமைதி. அந்த அமைதியை உடைத்துக்கொண்டு ஒரு சிறுமியின் குரல் மட்டும், கீச்சென்று, தனியாக, "அல்லேலூயா" என்றது. அதற்குப் பிறகுதான் கூட்டம் முழுவதும் பொங்கியது.

அந்த நாளை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் கத்தினார்கள், நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அப்படித்தான் நம்பியும் இருந்தேன்.

"யாரும்மா அந்தப் புள்ள?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நீதான்" என்றாள் அம்மா. "மொதல்ல நீதான் கத்துன. அதுக்கப்புறந்தான் மத்தவங்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், "சின்னப் புள்ள, அப்ப ஒனக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

எனக்குத் தெரிந்திருந்தது. எந்தக் கை என்பது அந்த மண்டபத்தில் அம்மாவை விட்டால் எனக்கு மட்டுந்தான் தெரிந்திருந்தது.